பட்டை தீட்டும் பட்டறை: கேள்வி – பதில்

கையில் ஆயிரம் ரூபாய்தான் இருக்கிறது. கல் தீட்டும் பொழுதுபோக்கை ஆரம்பிக்க முடியுமா?
– கல்லூரி மாணவி, திருச்சி

தாராளமாக. மிச்சம்கூட இருக்கும். ஹார்டுவேர் கடையில் ‘வாட்டர் பேப்பர்’ என்று கேளுங்கள். கறுப்பாக, நனைத்தாலும் கிழியாமல் இருக்கும் உப்புத்தாள் அது. 120, 220, 400, 600, 1000, 2000 எண்களில் இரண்டிரண்டு தாள் போதும். கண்ணாடிக் கடையில் ஓரம் மழுக்கிய தடித்த கண்ணாடித் துண்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மார்பிள் கடையில் கழித்துப்போட்ட துண்டுகளைக் கேட்டுப் பாருங்கள். ஒரு வாளித் தண்ணீர் வைத்தால் பட்டறை தயார்.

தாளைக் கண்ணாடிமேல் விரித்து, தண்ணீர் தெளித்து, 120-இல் ஒரே திசையில் தேயுங்கள். கல்லின் முகம் முழுக்க அந்தத் திசைக் கோடுகள் மட்டுமே தெரிய வேண்டும். பிறகு 220-க்கு மாறி, கல்லைக் கால்வட்டம் திருப்பிக் குறுக்காகத் தேயுங்கள். பழைய கோடு ஒன்றுகூட மிச்சமில்லை என்றால்தான் 400. இப்படியே 2000 வரை. கடைசியில் பழைய ஜீன்ஸ் துணியில் டின் ஆக்சைடு அல்லது அலுமினியம் ஆக்சைடு பொடியைக் குழைத்துத் தேய்த்தால் உங்கள் முகம் அதில் தெரியும்.

ஒவ்வொரு கட்டத்திலும் கல்லைத் துடைத்து, உலரவிட்டு, விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ஈரத்தில் எந்தக் கல்லும் பளபளக்கும். கீறல்களில் தண்ணீர் நிரம்பி மறைத்துவிடும். உலர்ந்த கல்தான் உண்மையைச் சொல்லும்.

தாளிலும் பொடியிலும் உள்ள எண்கள் எதைக் குறிக்கின்றன?
– பெயின்ட் கடை ஊழியர், சேலம்

எண் ஏற ஏறப் பொடி நைஸாகும். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஐரோப்பிய முறைத் தாளில் எண்ணுக்கு முன் ‘பி’ இருக்கும். அமெரிக்க முறையில் இருக்காது. 220 வரை இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அதற்கு மேல் பிரிந்துவிடும். பி-1200 தாள், அமெரிக்க முறையின் 600-க்குத்தான் சமம். இரண்டு முறைத் தாள்களையும் கலந்து வாங்கினால், முன்னேறுவதாக நினைத்துப் பின்னால் போய்விடுவீர்கள். ஒரே முறையில், முடிந்தால் ஒரே கம்பெனியில் வாங்குங்கள். வைரப் பொடி வாங்கும்போது மைக்ரான் அளவைக் கேளுங்கள். அதில் குழப்பம் கிடையாது.

ஒரு கல்லைத் தீட்ட முடியுமா, முடியாதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– பள்ளி ஆசிரியர், தருமபுரி

கீறிப் பாருங்கள். ஜெர்மானியக் கனிமவியலாளர் ஃபிரெட்ரிக் மோஸ் 1812-இல் தந்த கடினத்தன்மை வரிசை இன்றும் நம் முதல் கருவி. மாக்கல் வகையான டால்க் 1, மார்பிளின் கால்சைட் 3, ஃபெல்ட்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7, குருந்தக்கல் 9, வைரம் 10. நகம் ஏறக்குறைய 2.5, ஜன்னல் கண்ணாடி 5.5. நகத்தால் கீற முடிகிறதென்றால் கல் மிக மென்மை. அது கண்ணாடியைக் கீறுகிறதென்றால் குவார்ட்ஸ் குடும்பமாக இருக்கலாம்.

இது தரவரிசை மட்டுமே, அளவுகோல் அல்ல. 9-க்கும் 10-க்கும் இடையே உள்ள தூரம், 1 முதல் 9 வரை உள்ள தூரத்தைவிடப் பெரியது. தொடங்குபவர்களுக்கு அகேட், ஜாஸ்பர் இரண்டும் உத்தமம். கடினம் 7-க்குப் பக்கம், பிளவுத்தளம் இல்லை, விலையும் குறைவு.

வைரத்தை வைரத்தால்தான் அறுக்க முடியும் என்கிறார்களே, இரண்டும் சம பலம்தானே?
– பத்தாம் வகுப்பு மாணவன், மதுரை

நல்ல கேள்வி. வைரத்தின் கடினம் எல்லாத் திசையிலும் ஒன்றல்ல. பொடியில் கோடிக்கணக்கான துணுக்குகள் கண்டபடி கிடப்பதால், அவற்றில் சில எப்போதும் தம் கடினமான முனையைக் காட்டும். அவைதான் எதிரில் இருக்கும் வைரத்தின் இளகிய திசையைத் தேய்க்கின்றன.

வைரத்துக்கு அடுத்த நிலையில் நமக்கு உதவுவது சிலிக்கான் கார்பைட். நீங்கள் வாங்கும் வாட்டர் பேப்பரில் ஒட்டியிருக்கும் கறுப்புப் பொடி அதுதான். 1890-களின் தொடக்கத்தில் எட்வர்ட் அச்செசன் என்ற அமெரிக்கர் செயற்கை வைரம் செய்யப் போய், மின் உலையில் இதைக் கண்டெடுத்தார். தேடியது கிடைக்கவில்லை, கிடைத்தது உலகத்தின் சாணைப் பட்டறைகளுக்கெல்லாம் சோறு போட்டது.

ராக் டம்ளர் வாங்கலாமா? கல்லைப் போட்டு மூடினால் தானே பாலிஷ் ஆகிவிடுமா?
– வங்கி ஊழியர், கோயம்புத்தூர்

ஆகும், ஒரு மாதத்தில். ராக் டம்ளர் என்பது மோட்டாரில் மெதுவாகச் சுழலும் ரப்பர் பீப்பாய். ஆறு பல நூறு வருடம் உருட்டிச் செய்வதை அது நான்கு கட்டத்தில் செய்து முடிக்கிறது. முதல் கட்டம் 60/90 சிலிக்கான் கார்பைட்; இரண்டாவது 120/220; மூன்றாவது 500; நான்காவது பாலிஷ் பொடி. ஒவ்வொன்றும் சுமார் ஒரு வாரம், இரவும் பகலும் ஓட வேண்டும்.

பீப்பாயில் மூன்றில் இரண்டு பங்கு முதல் முக்கால் பங்கு வரை கல் இருக்கட்டும். குறைந்தால் கற்கள் மோதி உடையும், நிறைந்தால் புரளாது. சிறிதும் பெரிதும் கலந்திருப்பது நல்லது. ஆனால் எல்லாம் ஒரே கடினமாக இருக்க வேண்டும். அகேட்டோடு மார்பிளைப் போட்டால் வார முடிவில் அகேட் மட்டும்தான் மிஞ்சும். தண்ணீர் மேல் வரிசைக் கற்களுக்குச் சற்றுக் கீழே நிற்கட்டும்.

தோற்பவர்கள் பெரும்பாலும் இரண்டு இடத்தில் தோற்கிறார்கள். ஒன்று, முதல் கட்டத்தை ஒரு வாரத்தில் முடித்தே தீருவேன் என்ற பிடிவாதம். குழியும் விரிசலும் மிச்சமிருந்தால் புதுப் பொடி போட்டு இன்னொரு வாரம் ஓட்டுங்கள். மற்றொன்று, கழுவுவதில் அலட்சியம். 60-ஆம் எண் பொடியில் ஒரே ஒரு துணுக்கு பாலிஷ் கட்டத்துக்குள் போய்விட்டால், ஒரு வார வேலை வீண். கற்களையும் பீப்பாயையும் மூடியையும் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். சந்துள்ள கல்லைத் தூக்கி வெளியே வையுங்கள்.

மின்தடை வந்து நின்றுபோனால் கலவை அடியில் இறுகும். மின்சாரம் வந்ததும் திறந்து கலக்கிவிட்டு ஓட்டுங்கள். சில கற்களால் உள்ளே வாயு சேரும் என்பதால் அவ்வப்போது மூடியைத் திறந்து விடுவதும் நல்லது.

டம்ளரில் மிஞ்சும் சேற்றை வாஷ்பேசினில் ஊற்றலாமா?
– குடும்பத்தலைவி, சென்னை

கூடவே கூடாது. அது குழாய்க்குள் படிந்து சிமென்ட்போல இறுகிவிடும். வாளியில் ஒரு நாள் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் வடித்துவிடுங்கள். அடியில் தங்கும் சேற்றை ஈரம் காய்வதற்குள் பழைய பாலிதீன் பையில் கட்டிக் குப்பையில் சேருங்கள். காயவிட்டால் தூசியாகப் பறக்கும். அது அடுத்த ஆபத்து.

கல் அறுக்க ஆங்கிள் கிரைண்டர் போதாதா? வீட்டில் சும்மா கிடக்கிறது.
– கட்டட மேஸ்திரி, நாமக்கல்

அது சும்மாவே கிடக்கட்டும். கையில் பிடித்து உலர்வாக அறுத்தால் தூசி; தண்ணீர் ஊற்றினால் மின்அதிர்ச்சி. இரண்டும் உயிரோடு விளையாட்டு. டைல் அறுக்கும் மேசை மெஷின், அதாவது கீழே தண்ணீர்த் தொட்டி உள்ளது, சிறு கற்களுக்கு ஓரளவு உதவும். ஓரத்தில் இடைவெட்டு இல்லாத, தொடர்ச்சியாக வைரம் பதித்த மெல்லிய பிளேடு போடுங்கள். பிளேடு தடிக்கத் தடிக்க உங்கள் நல்ல கல் தூளாகத்தான் போகும்.

கல்லுக்கென்றே வருபவை இரண்டு. 4 முதல் 6 அங்குல பிளேடு உள்ள சிறிய மெஷின் ஓரம் கழிக்க. 10 அங்குலமும் அதற்கு மேலும் உள்ளது பெரிய கல்லைப் பலகையாக அறுக்க. பெரியதில் தண்ணீருக்குப் பதில் மினரல் ஆயில் ஓடும். அதனால் பிளேடு நீடிக்கும். ஓபல், டர்க்காய்ஸ் போன்ற உறிஞ்சும் கற்களை ஆயிலில் காட்டாதீர்கள், கறை ஏறிவிடும்.

வைர பிளேடுக்குப் பல் கிடையாது. அது அறுப்பதில்லை, அரைக்கிறது. அதனால் அழுத்தாமல் தள்ளுங்கள், பாதியில் கல்லைத் திருப்பாதீர்கள். திருப்பினால் பிளேடு கோணிவிடும். வெட்டும் வேகம் குறைந்தால் மென்மையான செங்கல் ஒன்றை இரண்டு மூன்று முறை அறுத்துப் பாருங்கள். மழுங்கிய மேல்பூச்சு போய்ப் புது வைரம் தலைகாட்டும்.

முகமூடி அவசியமா? மூச்சு முட்டுகிறதே.
– சிற்பக்கலை மாணவர், மாமல்லபுரம்

அவசியம். ஆனால் முகமூடி இரண்டாவது காவல். முதல் காவல் தண்ணீர்.

குவார்ட்ஸ், அகேட், ஜாஸ்பர், கிரானைட் எல்லாவற்றிலும் சிலிக்கா இருக்கிறது. அதன் நுண்தூசி கண்ணுக்குத் தெரியாது, தும்மலும் வராது, நேராக நுரையீரலின் கடைசிப் பைகளுக்குப் போய்த் தங்கிவிடும். அங்கே தழும்பு கட்டும். அந்த நோய்க்கு சிலிகோசிஸ் என்று பெயர். வந்த தழும்பை ஆற்றும் மருந்து இல்லை. சிலிக்கா தூசி புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1997-இலேயே முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. குஜராத்தின் காம்பத்தில் தலைமுறை தலைமுறையாக அகேட் தீட்டும் தொழிலாளர்களை இந்த நோய் வாட்டி வந்திருக்கிறது. கடையில் நாம் கொஞ்சிப் பார்க்கும் மணிகளுக்குப் பின்னால் அவர்களுடைய மூச்சு இருக்கிறது.

ஆகவே சட்டம் போல வைத்துக்கொள்ளுங்கள். அறுப்பது, அரைப்பது, துளையிடுவது எல்லாம் ஈரத்தில் மட்டும். முகத்தில் என்-95 முகமூடி, இடைவெளி இல்லாமல். கைக்குட்டை கட்டுவது பயன் தராது. வேலை முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். சுவரிலும் சட்டையிலும் தெறித்த சேறு காய்ந்தால் மறுபடி தூசிதான். அந்தச் சட்டையோடு குழந்தையைத் தூக்காதீர்கள்.

ஒரு பக்கம் மோட்டார், ஒரு பக்கம் தண்ணீர். பயமாக இருக்கிறது.
– ஓய்வுபெற்ற செவிலியர், தஞ்சாவூர்

அந்தப் பயம் உங்களைக் காப்பாற்றும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு துண்டிப்பான்) போடச் சொல்லுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிளக் பாயின்ட் மெஷினைவிட உயரத்தில் இருக்கட்டும். ஒயர் நடுவில் தொங்கித் தாழ்ந்து, பிறகு மேலேறட்டும். ஒயரில் வழியும் நீர் தாழ்ந்த இடத்தில் சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. காலில் ரப்பர் செருப்பு.

கபோஷான் செய்ய என்னென்ன வேண்டும்?
– நகை வடிவமைப்பாளர், புதுச்சேரி

பட்டை இல்லாமல், மேலே குமிழாக, கீழே தட்டையாகத் தீட்டுவது கபோஷான். பொழுதுபோக்குக்காரர்களின் அரிச்சுவடி இதுதான்.

ஐந்தாறு மில்லிமீட்டர் தடிமனில் அகேட் பலகை எடுத்துக்கொள்ளுங்கள். அச்சுத்தகடு வைத்து, அலுமினியக் கம்பி முனையால் நீள்வட்டம் வரையுங்கள். பேனா மை தண்ணீரில் போய்விடும். அலுமினியக் கோடு போகாது. கோட்டுக்கு வெளியே ஓரம் கழித்த பிறகு, குச்சி முனையில் அரக்கு உருக்கிக் கல்லை ஒட்ட வேண்டும். கல்லையும் இதமாகச் சூடு காட்டுங்கள். குளிர்ந்த கல்லில் அரக்கு பிடிப்பதுபோலத் தெரியும், சுழலும் சாணை வீல் பட்டதும் கழன்று பறக்கும்.

80-ஆம் எண் வீலில் முதலில் விளிம்பு, பிறகு விளிம்பைச் சுற்றி 45 டிகிரிச் சரிவு, பிறகு அந்தச் சரிவின் முனைகளை ஒவ்வொன்றாக மழுக்கிக்கொண்டே உச்சிக்குப் போங்கள். கையை நிறுத்தாதீர்கள், ஒரு விநாடி நின்றால் அங்கே ஒரு தட்டை விழும். 220-இல் வடிவம் முடிந்துவிட வேண்டும். அதன் பிறகு 600, 1200, 3000 மென்மையான வீல்கள் கீறலை மட்டும்தான் எடுக்கும், கோணலைத் திருத்தாது. அடிவிளிம்பில் மெல்லிய சரிவு ஒன்று கொடுங்கள், பதிக்கும்போது ஓரம் உடையாது. வேலை முடிந்ததும் குச்சியோடு ஃபிரீசரில் கொஞ்ச நேரம் வைத்தால் கல் தானே விடுபடும்.

வைர வீலா, சிலிக்கான் கார்பைட் வீலா?
– லேத் பட்டறை உரிமையாளர், ஈரோடு

பணம் இருந்தால் வைரம். சிலிக்கான் கார்பைட் வீல் மலிவு. ஆனால் தேயும், வட்டம் கெடும், அடிக்கடி சரிசெய்ய வேண்டும். அதைவிட முக்கியம்: அதன் அடிப்பகுதி தண்ணீரில் நிற்க விடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் நீர் ஊறினால் எடை சமன் கெட்டு, வேகம் எடுக்கும்போது வீல் வெடிக்கலாம். தண்ணீரை முதலில் நிறுத்தி, வீலைச் சற்று நேரம் சுழலவிட்டு உலர்த்திய பிறகே மோட்டாரை அணையுங்கள்.

பாலிஷ் பொடியில் எது சிறந்தது?
– வாசகர், திருநெல்வேலி

கல்லைச் சொல்லுங்கள், பொடியைச் சொல்கிறேன். அகேட், அமெதிஸ்ட், ஸ்படிகம், ஓபல் என்றால் சீரியம் ஆக்சைடு. கண்ணாடியைப் பாலிஷ் போடவும் இதுதான். பலவகைக் கற்களுக்கும் பொதுவாக அலுமினியம் ஆக்சைடு. ஜேடுக்குப் பச்சை நிற குரோமியம் ஆக்சைடு. விரல், சட்டை எல்லாம் பச்சையாகும். மாணிக்கம், நீலம் என்றால் வைரப் பசை. ஒரு பொடிக்கு ஒரு தோல் அல்லது துணி, மேலே பெயர் எழுதி, தனித்தனி டப்பாவில். கலந்தால் எல்லாமே கெட்டது.

எவ்வளவு பாலிஷ் செய்தாலும் நடுவில் ஒரு கீறல் போகவே மாட்டேன் என்கிறது.
– ஐ.டி. ஊழியர், பெங்களூரு

அது பாலிஷில் வந்த கீறல் அல்ல. 220-இல் நீங்கள் விட்டுவைத்தது. பாலிஷ் பொடி அதை எடுக்காது, எடுத்துக்காட்டும். 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். கீறல் ஆழமாக இருந்தால் திரும்பிப் போய் அங்கிருந்தே வாருங்கள். அவசரத்தில் தாண்டிய ஒரு கட்டம் மூன்று கட்ட உழைப்பைத் திரும்பக் கேட்கும்.

கரூர், காங்கேயம் பக்கம் கல் கிடைக்கிறதாமே? பொறுக்கி வரலாமா?
– ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், கரூர்

கிடைக்கிறது. சந்திரகாந்தக் கல், குவார்ட்ஸ், பெரில் எல்லாம் அந்த மண்ணில் உண்டு. காங்கேயத்தை அடுத்த படியூரில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அக்வாமரின் தோண்டியெடுத்திருக்கிறார்கள். நொய்யல் கரையில் கொடுமணலில் நடந்த அகழாய்வில், பாதி தீட்டிய மணிகளும் உடைந்த மணிகளும் கழிவுத் துண்டுகளும் கிடைத்தன. அங்கே விற்பனை மட்டுமல்ல, பட்டறையே இருந்தது என்பதற்கு அந்தக் கழிவுதான் சாட்சி.

மேலே கிடக்கும் கல்லென்றாலும் நிலத்துக்காரரிடம் கேட்டு எடுங்கள். தோண்டுவதென்றால் புவியியல் மற்றும் சுரங்கத் துறையின் அனுமதி வேண்டும். கொடுமணல் போன்ற தொல்லியல் இடத்தில் ஒரு மணியைக்கூடத் தொடாதீர்கள். கிடந்த இடத்தில் கிடந்தால் அது வரலாறு. உங்கள் சட்டைப்பையில் வெறும் மணி.

சந்திரகாந்தக் கல் கிடைத்தால் நிதானம் தேவை. அது ஃபெல்ட்ஸ்பார், இரண்டு திசையில் பிளவுத்தளம் உண்டு. கரடுமுரடான வீலில் அழுத்தினால் பிளக்கும். அந்த நிலா வெளிச்சம் ஒரு குறிப்பிட்ட திசையில்தான் மிதக்கும். கல்லை நனைத்து விளக்கடியில் திருப்பிப் பார்த்து, ஒளி தெரியும் முகத்தை உச்சியாக வைத்து அறுங்கள்.

மணி கோக்கத் துளை போடும்போது மறுபக்கம் உடைந்துவிடுகிறது.
– கைவினைக் கலைஞர், காரைக்குடி

ஒரே பக்கமாகப் போனால் அப்படித்தான். இரண்டு பக்கமும் புள்ளி வைத்து, பாதி வரை ஒரு பக்கம், மீதி மறுபக்கம் போடுங்கள். கல் தண்ணீர்த் தட்டுக்குள் மூழ்கியிருக்கட்டும். வைர முனையை இறக்கி, உடனே தூக்கி, மறுபடி இறக்குங்கள். தூக்கும்போதுதான் தண்ணீர் உள்ளே போய்ச் சேற்றை வெளியே கொண்டுவரும். காம்பத்துக் கலைஞர்கள் வில்லால் சுழற்றும் கருவியின் முனையில் இரண்டு சிறு வைரத் துணுக்கு பதித்து இதே வேலையைச் செய்கிறார்கள்.

தொடவே கூடாத கல் உண்டா?
– மருந்தாளுநர், யாழ்ப்பாணம்

தொடக்கக்காரர்களுக்கு உண்டு. சின்னபார் – பாதரசம். கலீனா – ஈயம். மலக்கைட் – தாமிரம். இவற்றின் தூசியும் சேறும் உடம்புக்கு ஆகாது. சில செர்ப்பன்டைன் கற்களில் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கும். பெயர் தெரியாத கல்லை அறுக்காதீர்கள்.

வைரம்போலப் பட்டை தீட்டும் மெஷின் வாங்க ஆசை. எப்போது வாங்கலாம்?
– பொறியாளர், ஓசூர்

கபோஷானில் கை பழகிய பிறகு. பட்டை தீட்டும் மெஷினில் முக்கியம் மோட்டார் அல்ல, கோணமும் எண்ணும். 96 பல் உள்ள சக்கரம் கல்லைச் சமமாகத் திருப்பும். கம்பத்தில் ஏறி இறங்கும் கை கோணத்தைப் பிடித்துவைக்கும். குவார்ட்ஸின் ஒளி எல்லைக்கோணம் சுமார் 40 டிகிரி. அடிப்பட்டைகளை 42, 43 டிகிரியில் வைத்தால் உள்ளே போன ஒளி திரும்பிக் கண்ணுக்கு வரும். 38-இல் வைத்தால் நடுவில் ஒளி கசிந்துவிடும். கல்லை அச்சிட்ட தாளின்மேல் வைத்தால் எழுத்தைப் படிக்கலாம். அப்படிப் படிக்க முடிந்தால் அது கண்ணாடிச் சில்லு, நகைக்கல் அல்ல. வாங்குமுன் கம்பமும் கையும் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் எந்த விலைக்கும் வேண்டாம்.

மின்சாரம் இல்லாத காலத்தில் எப்படித் தீட்டினார்கள்?
– வரலாற்று மாணவி, மதுரை

இலங்கையில் செங்குத்தாக நிற்கும் தட்டை ஒரு கையால் வில்கயிறு இழுத்துச் சுழற்றி, மறு கையில் கல்லைப் பிடித்தார்கள். ஜெர்மனியின் ஐடார்-ஓபர்ஷ்டைனில் நீர்ச்சக்கரம் சுழற்றும் ராட்சத மணற்கல் சாணைக்கு முன்னால் குப்புறப் படுத்து அகேட் தீட்டினார்கள். உள்ளூர் அகேட் தீர்ந்தபோது, பிரேசிலுக்குக் குடியேறிய அவ்வூர்க்காரர்கள் அங்கிருந்து அகேட்டைக் கப்பலில் அனுப்பினார்கள். எந்திரம் மாறியது, பொடி, தண்ணீர், பொறுமை மாறவில்லை.

பத்து வயதுப் பேரனுக்குச் சொல்லித்தரலாமா?
– தாத்தா, விழுப்புரம்

சொல்லித்தாருங்கள். வாட்டர் பேப்பர், மார்பிள் துண்டு, தண்ணீர் மட்டும். சுழலும் எந்திரத்துக்கு இன்னும் சில வருடம் போகட்டும். பாதுகாப்புக் கண்ணாடி அணிவித்து, பக்கத்தில் நீங்களும் ஒரு கல்லோடு உட்காருங்கள்.

முதலில் செலவழிக்க வேண்டியது எதற்கு? ஒரு முடிவாகச் சொல்லுங்கள்.
– வாசகி, திண்டுக்கல்

வரிசை இதுதான்: முகமூடி, பாதுகாப்புக் கண்ணாடி, ஆர்.சி.சி.பி.; பிறகு நல்ல தாளும் பொடியும்; பிறகு 10 மடங்கு லென்ஸ்; பிறகு டம்ளர் அல்லது ஓரம் கழிக்கும் மெஷின்; கடைசியாகப் பட்டை மெஷின். பலர் இதைத் தலைகீழாக வாங்கி, ஆறே மாதத்தில் மெஷினுக்கு உறை போட்டு மூடிவிடுகிறார்கள்.

எந்தக் கடையிலும் விற்காத ஒன்று அனுபவம். திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் செயற்கைக் கல் பட்டை தீட்டிய கைகள் இன்னும் இருக்கின்றன. அளவுகோலே இல்லாமல் கண்ணாலும் காதாலும் கோணம் பிடிப்பவர்கள். அந்தப் பக்கம் போகும்போது அவர்களைத் தேடிப் போங்கள். அவர்கள் நேரத்துக்கு உரிய பணம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். அந்தத் தொழில் சுருங்கிக்கொண்டு வருகிறது. கற்க வருபவர் இருந்தால்தான் அது நிலைக்கும்.